முகடு வராத துகளும் முகடு வந்து ஏமாற்றும் துகளும்: பிளாட்டினக் குழுக் கனிமங்களுக்கு ராமன் பார்ப்பது எப்படி?

கேள்வி: குரோமைட் பாறையின் மெருகிட்ட வெட்டில் 5 முதல் 15 மைக்ரான் வரை பளிச்சென்ற வெளிர்நிறத் துகள்கள் உள்ளன. 532 நானோமீட்டர் லேசரில் ராமன் நிறமாலை (லேசர் ஒளி பட்டுச் சிதறும்போது அதன் அலையெண் எவ்வளவு மாறுகிறது என்பதன் வரைபடம்; கனிமத்தை அடையாளம் காண உதவும்) எடுத்தோம். ஒரு துகளில் 225, 292, 410 செ.மீ⁻¹ அலையெண்களில் முகடுகள் வந்தன. இதை லாரைட் என்னும் பிளாட்டினக் குழுக் கனிமம் எனக் கொள்ளலாமா? பக்கத்துத் துகளில் முகடே இல்லை. கருவியில் கோளாறா?

பதில்: முதல் துகளுக்கு லாரைட் என்று பெயர் வைத்துவிடாதீர்கள். அந்த மூன்று முகடுகளும் சேர்ந்து வந்தால் அது ஹெமடைட், அதாவது இரும்பு ஆக்சைடு. அளவீட்டை 1500 செ.மீ⁻¹ வரை நீட்டிப் பாருங்கள். 1320-ஐ ஒட்டி அகலமான முகடு ஒன்று எழுந்தால் உறுதியாகிவிடும். ருத்தேனியம் சல்பைடான லாரைட்டின் வலுவான முகடுகள் 375-க்கும் 412-க்கும் அருகே வரும். அதனால்தான் 410-ஐ மட்டும் பார்ப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். லாரைட் பைரைட்டின் படிக அமைப்பைக் கொண்டது. பைரைட்டுக்கு முகடுகள் 343, 379, 430.

அந்த ஹெமடைட் பாறையிலேயே இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் லேசரே அதை உண்டாக்கியிருக்கலாம். இக்கனிமங்கள் ஒளிபுகாதவை, விழும் ஒளி சில பத்து நானோமீட்டர் ஆழத்திலேயே உறிஞ்சப்பட்டு வெப்பமாகிறது. 0.9 எண்துளை (லென்ஸ் ஒளியைத் திரட்டும் கோணத்தின் அளவு) கொண்ட 100 மடங்கு லென்ஸில் ஒளிப்புள்ளியின் விட்டம் ஏறக்குறைய 0.7 மைக்ரான்தான். அதில் 1 மில்லிவாட் விழுந்தாலே சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு லட்சம் வாட்டைத் தாண்டும். இரும்பு சல்பைடு அந்தச் சூட்டில் ஆக்சிஜனேற்றம் அடையும். ஆர்சனைடுகள் எரிந்தால் ஆர்சனோலைட் (ஆர்சனிக் ஆக்சைடு) உருவாகி 268, 369, 471, 560 எனத் தெளிவான முகடுகளைத் தரும். பிளாட்டினம் ஆர்சனைடான ஸ்பெரிலைட்டின் சொந்த முகடுகளோ 300-க்குக் கீழே. டெல்லுரைடுகள்தான் மிக மோசம். பிரிந்து வெளிவரும் டெல்லூரியம் 120, 140-இல் அழகாக முகடு காட்டும். அதைக் கனிமத்தின் அடையாளமாக எண்ணி அட்டவணையில் ஏற்றிவிடுவது அடிக்கடி நடக்கிறது. தூய பிளாட்டினம் டெல்லுரைடுக்கு, அதாவது மோன்கைட்டுக்கு, எதிர்பார்க்க வேண்டியவை 110-உம் 157-உம்.

எனவே திறனை, மாதிரியின் மேல் விழும் இடத்தில் மீட்டர் வைத்து அளந்துகொண்டு, 0.1 மில்லிவாட்டில் தொடங்குங்கள். 60 வினாடி வீதம் ஐந்து முறை எடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு திறனை இருமடங்காக்கி எடுங்கள். அடுத்து மீண்டும் 0.1-க்கு இறங்கி, அதே புள்ளியில் இன்னொரு முறை எடுங்கள். முதல் நிறமாலையும் கடைசி நிறமாலையும் ஒத்துப்போகாவிட்டால் புள்ளி கருகிவிட்டது என்று பொருள். அதை விட்டுவிட்டு, துகளில் புதிய இடத்துக்கு நகருங்கள்.

இனி, முகடே வராத துகள். அது தோல்வி அல்ல, தகவல். பிளாட்டினம்-இரும்பு உலோகக்கலவைகளுக்கு, ஐசோஃபெரோபிளாட்டினம் உட்பட, படிகச் சமச்சீர்மை காரணமாகவே முதல்நிலை ராமன் முகடுகள் கிடையாது. எவ்வளவு நேரம் எடுத்தாலும் வராது. தனி ஆஸ்மியத்துக்குக் கோட்பாட்டின்படி ஒரு முகடு உண்டு, ஆனால் மிக மங்கல். எனினும் ‘முகடு இல்லை’ என்று எழுதும் முன், சிலிக்கானில் 520.7 சரியாக விழுகிறதா எனப் பார்த்துவிட்டு, குவியத்தை மாற்றாமல் பக்கத்துக் குரோமைட்டில் ஒன்று எடுங்கள். அங்கே 700-ஐ ஒட்டிய அகலமான முகடு வந்தால் கருவியிலும் குவியத்திலும் பழுதில்லை. அந்தத் துகளின் விடை, எலெக்ட்ரான் கற்றையால் வேதி இயைபை அளக்கும் எலெக்ட்ரான் மைக்ரோபுரோப்பில்தான்.

குறைந்த அலையெண் பகுதிக்கு இன்னொரு எச்சரிக்கை. வடிகட்டி 100-க்குக் கீழே வெட்டிவிடும் கருவியில் டெல்லுரைடு, பிஸ்முத்தைடு வேலை சரிப்படாது. 50-க்கும் கீழே இறங்கும் வடிகட்டி வேண்டும். அப்படி இறங்கி நீண்ட நேரம் எடுத்தால், 150-க்குக் கீழே சீரான இடைவெளியில் மெல்லிய கூர்முகடுகள் வரிசையாகத் தெரியும். அவை மாதிரியுடையவை அல்ல. லென்ஸுக்கும் மாதிரிக்கும் இடையிலுள்ள காற்றின் நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகளின் சுழற்சிக் கோடுகள். தங்கப் பூச்சுள்ள கண்ணாடித் துண்டில் அதே நேரத்துக்கு ஒரு நிறமாலை எடுத்து ஒப்பிட்டால் புரிந்துவிடும். 1332-இல் ஒற்றைக் கூர்முகடு வந்தால், அது மெருகிடப் பயன்படுத்திய வைரத்தூள். 1609-இல் வந்தால், மாதிரியைப் பதித்த எப்பாக்சிப் பிசின்.

வரிசையும் முக்கியம். ராமன் முதலில், கார்பன் பூச்சும் மைக்ரோபுரோப்பும் பிறகு. பூசிய பின் எடுத்தால் 1350, 1580-இல் கார்பன் மேடுகள் எழும். மங்கலான சைகை இன்னும் மங்கும். ஆனால் ராமன் படிக அமைப்பைத்தான் சொல்லும், வேதி இயைபைத் துல்லியமாகச் சொல்லாது. லாரைட்டில் ஆஸ்மியம் கூடக்கூட முகடுகள் நகரும். அந்த நகர்வை மட்டும் வைத்துச் சதவீதம் எழுதாதீர்கள். கூப்பரைட் (பிளாட்டினம் சல்பைடு), பிராகைட் (பிளாட்டினம்-பல்லேடியம் சல்பைடு) போல இயைபில் நெருங்கி அமைப்பில் வேறுபடும் ஜோடிகளில்தான் ராமனின் அருமை தெரியும். RRUFF போன்ற கனிம நிறமாலைத் தரவுத்தளத்தோடு ஒப்பிடும்போது முகட்டின் இடத்தைப் பாருங்கள், உயரத்தை அல்ல. படிகம் எந்தத் திசையில் வெட்டுப்பட்டது என்பதைப் பொறுத்து உயரங்கள் தலைகீழாக மாறும். மேடையை 45 பாகை சுழற்றி மறுபடி எடுத்தாலே இது தெரியும்.

5 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களில் நடுவில் குறிவைத்தால் போதும். 1 மைக்ரானை நெருங்கும் துகள்களில் குரோமைட்டின் 700 முகடும் கூடவே வரும். லாரைட்டின் முகடுகள் 450-க்குக் கீழே இருப்பதால், அதைக் கழிக்காமலே படிக்கலாம்.