கணவரின் மோட்டார் சைக்கிள் கிளப் கூட்டத்துக்கு உடன் போனால் ஊர் சுற்றிப் பார்க்க நேரம் கிடைக்குமா?

“என் கணவர் ஒரு புல்லட் கிளப்பில் இருக்கிறார். நவம்பரில் கோவாவில் நடக்கும் கூட்டத்துக்கு என்னையும் அழைக்கிறார். எனக்கு வண்டிகளில் ஆர்வம் கிடையாது. போனால் எனக்கென்று ஏதாவது இருக்குமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போங்கள். ஆனால் புறப்படுவதற்கு முன்பே ஒன்றைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள்: மாலை அவருடையது, காலை உங்களுடையது.

நானும் பின் இருக்கைக்காரிதான். 2024 நவம்பரில் சென்னையிலிருந்து என் கணவரின் கிளாசிக் 350இல் கோவா போய் வந்தோம். ராயல் என்பீல்டு நிறுவனம் வாகதோர் குன்றின்மேல் ஆண்டுதோறும் நடத்தும் கூட்டம் அது. முன்பு ரைடர் மேனியா என்று பெயர், இப்போது மோட்டோவெர்ஸ். அந்த ஆண்டு நவம்பர் 22 முதல் 24 வரை நடந்தது. நாடு முழுவதிலுமிருந்து கிளப்புகள் கொடியும் சட்டையுமாக வந்து இறங்குகின்றன. எங்கு பார்த்தாலும் வண்டி, செம்மண் புழுதி, ஊர்ப்பெயர் எழுதிய ஸ்டிக்கர். ஆனால் கூட்டம் சூடு பிடிப்பது மதியத்துக்கு மேல்தான். இரவு இசை நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் படுக்கப் போகும்போது வெகுநேரமாகிவிடும். அதனால் மறுநாள் காலையில் வாகதோர் முழுவதும் அயர்ந்து தூங்கும். சாலை காலியாக இருக்கும், வெயில் ஏறியிருக்காது, தேவாலயங்களும் கோயில்களும் திறந்திருக்கும். ஊர் பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. இரவு நிகழ்ச்சியைக் கடைசிவரை பார்த்தே தீருவேன் என்று அவர் சொன்னால் காலை போய்விடும். அதனால்தான் முதலிலேயே பேசிக்கொள்ளச் சொல்கிறேன்.

போகும் வழியையும் வெறும் பயணமாகக் கழித்துவிடாதீர்கள். சென்னையிலிருந்து பெங்களூரு, தும்கூர், சித்ரதுர்கா, ஹூப்ளி வழியாக 900 கிலோமீட்டருக்கு மேல். ஒரே மூச்சில் ஓட்டிவிடலாம் என்று கிளப் நண்பர்கள் பெருமையாகச் சொல்வார்கள். பின்னால் உட்காருகிறவரின் இடுப்பு அதற்குச் சம்மதிக்காது. நாங்கள் சித்ரதுர்காவில் தங்கினோம். அங்குள்ள கோட்டை பாறைக் குன்றுகளை வளைத்து ஏழு சுற்றாகக் கட்டப்பட்டது. மதகரி நாயக்கர்கள் ஆண்ட இந்தக் கோட்டையை ஹைதர் அலி 1779இல் கைப்பற்றினார். அதற்கு முந்தைய ஒரு முற்றுகையின்போது நடந்ததாகச் சொல்லப்படும் கதைக்காகத்தான் நான் அங்கே ஏறினேன். காவற்காரர் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார். தண்ணீர் எடுக்கப் போன அவர் மனைவி ஓபவ்வா, பாறை இடுக்கு வழியாக எதிரி வீரர்கள் ஒவ்வொருவராக நுழைவதைப் பார்த்துவிட்டார். கையில் கிடைத்த உலக்கையால் ஒவ்வொரு தலையாக அடித்துச் சாய்த்தார். அந்த இடுக்கு இன்றும் இருக்கிறது. நான் குனிந்து உடலைத் திருப்பித்தான் உள்ளே போக முடிந்தது. தலையை முதலில் நீட்டாமல் யாராலும் அதில் நுழைய முடியாது என்பது அங்கே போனால்தான் புரியும். படித்தபோது நம்ப முடியாததாகத் தோன்றிய கதை, அந்தக் கல்லுக்குள் நின்றபோது முழுக்க நடக்கக்கூடியதாகத் தெரிந்தது.

ஹூப்ளி, தார்வாட்டில் பேடா வாங்கிக்கொண்டு அல்னாவர், ராம்நகர் வழியாக அன்மோடு மலைப்பாதையில் கோவாவுக்குள் இறங்கினோம். சாலை சில இடங்களில் மோசம், காடு மட்டும் அற்புதம். மலையடிவாரத்தில் மோலேமிலிருந்து பிரிந்து தாம்டி சுர்லா போங்கள். கோவாவை ஆண்ட கதம்பர் காலத்து மகாதேவர் கோயில் ஒன்று காட்டுக்குள் ஓடைக்கரையில் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். முழுவதும் கருங்கல். போர்த்துகீசியர் காலத்தில் கோவாவின் பழைய கோயில்கள் பெரும்பாலும் இடிபட்டபோது, இது யாரும் எளிதில் வர முடியாத மூலையில் இருந்ததால் தப்பியது. தஞ்சாவூரைப் பார்த்த கண்ணுக்கு மிகச் சிறிய கோயில். ஆனால் உள்ளே நான்கு தூண்களில் ஒன்றின் அடியில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு யானை குதிரையை மிதிக்கும் சிற்பம், உள்ளங்கை அகலம்தான். கூரையில் தாமரை. என் கணவர் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அந்தத் தூணடியிலேயே வெகுநேரம் இருந்தார். கூட்டத்துக்கு நேரமாகிறது என்று அன்று ஒருமுறைகூட அவர் சொல்லவில்லை.

இனி நான் போன காரணம். அம்மாவுக்குத் தூத்துக்குடி. எங்கள் கடற்கரையில் சவேரியார் வீட்டுப் பெரியவர். 1542 மே மாதம் கோவாவில் வந்திறங்கிய பிரான்சிஸ் சவேரியார், அந்த ஆண்டே முத்துக்குளித்துறைக்கு வந்தார். ஜெபங்களைத் தமிழில் மொழிபெயர்க்கச் செய்து மனப்பாடமாக்கிக்கொண்டு, தெருவில் கைமணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டிக் கற்றுக்கொடுத்தார். மணப்பாட்டில் அவர் தங்கியதாகச் சொல்லும் குகையில் நாங்கள் சின்ன வயதில் வரிசையில் நின்றிருக்கிறோம். அவர் 1552 டிசம்பர் 3 அன்று சீனக் கரையோரத் தீவு ஒன்றில் இறந்தார். உடல் மலாக்கா வழியாக 1554இல் கோவா வந்து சேர்ந்தது. பழைய கோவாவின் போம் ஜேசு பேராலயத்தில் உயரமான மேடைமேல் வெள்ளிப் பேழையில் இருக்கிறது. கீழிருந்து அண்ணாந்துதான் பார்க்க முடியும். ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை மட்டும் அதைக் கீழே இறக்கி, எதிரிலுள்ள சே கதீட்ரலுக்குக் கொண்டுபோய் மக்கள் பார்வைக்கு வைக்கிறார்கள். அப்படி வைத்த காலம் 2024 நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை. கிளப் கூட்டத்துக்கு முந்திய நாள் தொடக்கம்! கணவர் கூட்டத்தின் தேதியைச் சொன்னதும் நான் உடனே சரி என்று சொன்னதற்கு இதுதான் காரணம்.

சனிக்கிழமை இருட்டோடு புறப்பட்டு மாண்டோவி ஆற்றோரமாகப் போனோம். அந்நேரத்திலும் வரிசை நீண்டிருந்தது. முன்னும் பின்னும் தமிழ். கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் பஸ் பிடித்து வந்தவர்கள். முட்டத்திலிருந்து வந்த ஒரு பாட்டி என் ரைடிங் ஜாக்கெட்டின் முழங்கைப் பகுதியில் உள்ள கடினமான பட்டையை அழுத்திப் பார்த்துவிட்டு, “மக்களே, இந்தப் புழுக்கத்தில் இது எதற்கு?” என்று கேட்டார். சென்னையிலிருந்து வண்டியில் வந்தோம் என்றதும் என் கணவரின் நெற்றியில் சிலுவை வரைந்தார். அவர் இந்துக் குடும்பத்தில் பிறந்தவர். இரண்டு ஹெல்மெட்டையும் இரு கைகளில் மாட்டியபடி தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொண்டார்.

உள்ளே போனதும் வரிசை நிற்பதில்லை, நகர்ந்துகொண்டே இருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் வற்றிச் சிறுத்த உடல், பூவேலை செய்த பூசை உடை, கறுத்த பாதங்கள். வலக்கை இங்கே இல்லை, அது 1614இல் ரோமுக்குப் போய்விட்டது. அம்மா கொடுத்தனுப்பிய ஜெபமாலையைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி கடந்தேன். எங்கள் தெருக்களில் மணி அடித்து நடந்த கால்கள் என்ற எண்ணம் மட்டுமே இருந்தது. சில நொடிகள்தான். அந்தச் சில நொடிகளுக்காக எத்தனை மணி நேரமும் பின் இருக்கையில் உட்கார்ந்திருக்கலாம்.

நீங்கள் போகும் ஆண்டில் இந்தக் காட்சி இருக்காது. ஆனாலும் பழைய கோவாவை விடாதீர்கள். போம் ஜேசுவின் சிவந்த செம்புறைக்கல் சுவரில் காலை வெயில் விழும் நேரத்தில் போங்கள். 1605இல் அர்ச்சிக்கப்பட்ட கட்டடம். சவேரியாரின் பேழைக்கு அடியில் இருக்கும் பளிங்கு மேடை இத்தாலியின் டஸ்கனி ஆட்சியாளர் மூன்றாம் கோசிமோ கொடுத்தது. சே கதீட்ரலுக்கு இரண்டு கோபுரங்கள் இருந்தன. ஒன்று 1776இல் விழுந்துவிட்டதால் ஒற்றைத் தோளுடன் நிற்கிறது. அங்கிருந்து வைஸ்ராய் வளைவு வழியாக இறங்கினால் படகுத்துறை வரும். வண்டியையே படகில் ஏற்றிக்கொண்டு திவார் தீவுக்குப் போகலாம். குன்றின்மேல் பியேதாதே தேவாலய முற்றத்திலிருந்து ஆறும் வயலும் சேர்ந்து தெரியும். தீவுச் சாலைகளில் வேகம் தேவையே இல்லை, புல்லட்டின் சத்தத்துக்கு ஏற்ற சாலைகள் அவை.

நீங்கள் போகும்போதும் கூட்டம் வெள்ளிக்கிழமை தொடங்கினால் அன்று காலை மாப்புசா சந்தைக்குப் போய்விடுங்கள். அந்த ஊரின் பெரிய சந்தை வெள்ளிக்கிழமைதான். மொய்ரா வாழைப்பழம், புளிக்குப் பதிலாக அவர்கள் குழம்பில் போடும் கோகம், சரம்சரமாகத் தொங்கும் சொரீசோ எனப்படும் பன்றித் தொத்திறைச்சி, மண்சட்டி எல்லாம் கிடைக்கும். தலைநகர் பஞ்சிமின் (பனாஜி) பொந்தாயினியாஸ் பகுதியில் வண்ணம் பூசிய பழைய வீடுகளையும் பார்க்கலாம். சந்து குறுகல், அங்கே குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள், வண்டியைத் தொலைவில் நிறுத்திவிட்டு நடந்து போங்கள்.

கூட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வண்டியில் ஆர்வமில்லை என்கிறீர்கள். எனக்கும் இல்லை. ஆனால் சனிக்கிழமை மாலை மண் தடத்தில் வண்டிகள் சறுக்கித் திரும்புவதைக் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தபோது நேரம் போனதே தெரியவில்லை. அன்று கோவன் கிளாசிக் 350 என்ற புது வண்டியை அறிமுகப்படுத்தினார்கள். வெள்ளை விளிம்பு டயர், உயர்ந்த கைப்பிடி, எல்லோரும் அதைச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். நான் முதலில் பார்த்தது பின் இருக்கையைத்தான். கழற்றி மாட்டக்கூடியதாக இருந்தது. அவ்வளவு தூரம் உட்கார்ந்து வந்தவளுக்கு அந்த இருக்கை போதாது என்பது என் முடிவு, கணவரிடமும் சொல்லிவிட்டேன். ராயல் என்பீல்டு வண்டிகள் 1955 முதல் நம் சென்னையில் உருவாகி வருபவை, பழைய ஆலை திருவொற்றியூரில். அதனால் திருவொற்றியூர் என்று சொன்னதும் ஓர் அசாமிய இளைஞர் எங்களிடம் ஊர் பற்றி ஆர்வமாகக் கேட்டார். சொந்தமாக வண்டி ஓட்டி வந்த பெண்கள் நிறையப் பேர். அவர்களோடு பேசிப் பாருங்கள். முதுகுவலிக்கு அவர்கள் சொல்லும் யோசனை எந்தக் கடையிலும் கிடைக்காது.

திரும்பும்போது வந்த வழியே வராதீர்கள். கடற்கரைச் சாலையில் கார்வார் வழியாக இறங்குங்கள். காளி ஆற்றின் பழைய பாலம் 2024 ஆகஸ்ட் 7 அன்று ஒரு லாரியோடு இடிந்து விழுந்தது. ஓட்டுநர் உயிர் தப்பினார். நாங்கள் புதிய பாலத்தில் கடந்தபோது பக்கத்தில் அதன் மிச்சம் நின்றது. கும்டாவுக்கு முன் மிர்ஜான் கோட்டையில் அரை மணி நேரம் நில்லுங்கள். மிளகு வணிகத்தைக் கையில் வைத்திருந்த கேரசொப்பா ராணி சென்னபைராதேவியோடு தொடர்புடையது. மழை முடிந்த பருவத்தில் செம்புறைக்கல் சுவரெல்லாம் பாசி பிடித்துப் பச்சையாக இருக்கும். ஹொன்னாவரில் திரும்பி மலையேறினால் ஜோக் அருவி, 253 மீட்டர். நவம்பரில் தண்ணீர் குறைவு, அதனால் நான்கு தாரைகளும் தனித்தனியாகத் தெரியும். பிறகு சிவமொக்கா, தும்கூர், வீடு.

பின் இருக்கைக்குச் சில: ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இறங்கி நடங்கள், அவர் கேட்காவிட்டாலும் நீங்கள் தோளைத் தட்டுங்கள். முழு முக ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் உங்களுக்கும் வேண்டும், அவருக்கு மட்டும் வாங்கினால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். முதுகில் பை மாட்டவே மாட்டாதீர்கள், எல்லாம் பக்கப் பைகளுக்குள் போகட்டும். பெரிய பெட்ரோல் நிலையங்களில் கழிப்பறை ஓரளவு சுத்தமாக இருக்கும், கண்ணில் பட்டால் தேவை இல்லாவிட்டாலும் நில்லுங்கள். கூட்டத்துக்கான நுழைவுச் சீட்டு அவர் பெயரில் மட்டும் இருக்கிறதா, உங்களுக்கும் சேர்த்தா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நவம்பர் பின்பாதியில் பஞ்சிமில் சர்வதேசத் திரைப்பட விழாவும் நடப்பது வழக்கம், அறை கிடைப்பது கடினம். தேதி அறிவித்த வாரமே பதிவு செய்துவிடுங்கள். வாகதோரில் வேண்டாம், மாப்புசாப் பக்கம் எடுங்கள். இரவுச் சத்தம் இருக்காது, விடியற்காலையில் பழைய கோவாவுக்குக் கிளம்பவும் வசதி.