ஒவ்வொரு தளமும் கேட்பதற்குப் பதில் பிரவுசரே சொல்லிவிட்டால்? குக்கீ சம்மதம் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: எந்தத் தளத்தைத் திறந்தாலும் குக்கீ பெட்டி வந்து மறைக்கிறது. இப்படிக் காட்டச் சொல்லி சட்டமே இருக்கிறதா?

பதில்: பெட்டியைக் காட்டு என்று சட்டம் சொல்லவில்லை. அவசியமில்லாத குக்கீயை (தளம் உங்கள் பிரவுசரில் சேமித்து வைக்கும் சிறு தகவலை) வைக்கும் முன் சம்மதம் வாங்கு என்பதுதான் ஐரோப்பிய ஒன்றியம் 2009-ல் திருத்திய விதி. 2018-ல் அமலான ஜிடிபிஆர் என்ற ஐரோப்பியத் தகவல் பாதுகாப்புச் சட்டம், எது உண்மையான சம்மதம் என்பதை இன்னும் இறுக்கியது. லாகினையும் கூடையில் போட்ட பொருளையும் நினைவில் வைக்கும் குக்கீக்கு அனுமதியே தேவையில்லை. யாரையும் பின்தொடராத தளம் பெட்டி இல்லாமலே நடக்கலாம்.

கேள்வி: அண்ணா, பிரவுசரில் ஒரு தடவை ‘வேண்டாம்’ என்று வைத்தால் போதாதா? ‘டூ நாட் டிராக்’ என்று ஒன்று இருந்ததே?

பதில்: இருந்தது. 2011-ல் ஃபயர்பாக்ஸ் கொண்டுவந்தது. பக்கத்தைக் கேட்கும்போதே ‘என்னைப் பின்தொடராதே’ என்று பிரவுசர் ஒரு சிறு வரி சேர்த்து அனுப்பும், அவ்வளவுதான். 2012-ல் மைக்ரோசாஃப்ட் அதை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 10-ல் தானாகவே ஆன் செய்து வைத்தது. ‘இது பயனர் எடுத்த முடிவு இல்லை’ என்று விளம்பரத் துறை ஒதுக்கிவிட்டது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பில் இந்தத் தரத்தை எழுதிய குழுவும் 2019-ல் மூடப்பட்டது. தொழில்நுட்பத்தில் எந்தக் கோளாறும் இல்லை. அந்த வரியை மதிக்காதவரைக் கேட்கச் சட்டம் இல்லை, அதுதான் குறை.

கேள்வி: இப்போது ஜிபிசி (குளோபல் பிரைவசி கன்ட்ரோல்) என்கிறார்களே, அதுவும் அதே கதைதானா?

பதில்: இல்லை. 2020-ல் வந்த குளோபல் பிரைவசி கன்ட்ரோலும் ஒரு சிறு வரிதான், ஆனால் அதன் பின்னால் கலிஃபோர்னியா சட்டம் நிற்கிறது. இந்த சிக்னலை மதிக்காதது உள்ளிட்ட புகார்களில் செஃபோரா என்ற அழகுசாதன விற்பனை நிறுவனம் 2022-ல் 12 லட்சம் டாலர் கட்டியது. அப்புறம் ஒன்று: ஜிபிசி சொல்வது ‘என் தகவலை விற்காதே, பகிராதே’ என்பதை மட்டும். ஐரோப்பா கேட்பது முன்கூட்டிய சம்மதம். அதனால் ஜிபிசியை ஆன் செய்தாலும் பெட்டிகள் வந்துகொண்டுதான் இருக்கும்.

கேள்வி: எந்த பிரவுசரில் கிடைக்கும்?

பதில்: பிரேவ், டக்டக்கோ என்ற பிரவுசர்கள் தாமாகவே அனுப்பும். ஃபயர்பாக்ஸில் பிரைவசி செட்டிங்ஸில் ஆன் செய்ய வேண்டும். 2027 ஜனவரி 1 முதல் எல்லா பிரவுசரும் இப்படி ஒரு வசதி தர வேண்டும் என்று கலிஃபோர்னியா சட்டம் போட்டிருக்கிறது.

கேள்வி: ஐரோப்பாவில் எதுவும் மாறுகிறதா?

பதில்: 2025 நவம்பரில் ஐரோப்பிய ஆணையம் ஒரு முன்மொழிவு வைத்தது. பிரவுசர் சொல்வதைத் தளங்கள் ஏற்க வேண்டும், ‘வேண்டாம்’ என்றவரிடம் ஆறு மாதத்துக்கு மறுபடி கேட்கக் கூடாது என்கிறது. ஆனால் செய்தி ஊடகங்களுக்கு சிக்னலிலிருந்து விலக்கு. அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. நாம் தினமும் திறப்பது செய்தித் தளங்களைத்தான், பெட்டியும் அங்கேதான் அதிகம். விளம்பர வருமானம் போய்விடும் என்ற அவர்கள் கவலை புரிகிறது. ஆனால் படிக்கும் பக்கத்தை வைத்து விளம்பரம் போடலாமே, படிப்பவரைத் துரத்த வேண்டியதில்லை.

கேள்வி: முடிவு பிரவுசர் நிறுவனத்தின் கைக்குப் போய்விடாதா?

பதில்: நியாயமான பயம். குரோமைச் செய்யும் கூகுளே பெரிய விளம்பர நிறுவனம். எனவே கேள்வியை எந்தச் சொற்களில் கேட்பது, இரண்டு பொத்தான்களும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்பதையெல்லாம் சட்டமே எழுதி வைக்க வேண்டும்.