கார் ஷெட்டை அம்மாவுக்கு வீடாக்கலாமா?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில், முப்பதுக்கு நாற்பது சைட்டில் 2011இல் வீடு கட்டினோம். கீழே கார் ஷெட்டும் வாடகைக்கு விட்ட ஒரு சின்ன போர்ஷனும், மாடியில் நாங்கள். அம்மாவுக்கு 74 வயது, முட்டி வலியால் படி ஏற முடியவில்லை. கார் ஷெட்டை அடைத்து ஓர் அறை, பாத்ரூம், சமையல் மேடை போட்டுத் தர நினைக்கிறோம். "உள்ளுக்குள்ளதானே சுவர் எழுப்புறோம், இதுக்கெல்லாம் பிளான் வேண்டாம் சார்" என்கிறார் மேஸ்திரி. ஊர் வீட்டை விற்ற பணத்தில் 12 லட்சம் தருவதாக அம்மா சொல்கிறார். எனக்கு ஒரு தங்கை உண்டு. செய்யலாமா?

பதில்: டைல்ஸ் மாற்றுவது, பூசுவது, பெயின்ட் அடிப்பது போன்ற வேலைகளுக்கு மேஸ்திரி சொல்வது சரி. கார் ஷெட் அந்தக் கணக்கில் வராது. மாநகராட்சி ஒப்புதல் தந்த பிளானில் அது வண்டி நிறுத்தும் இடம். அதனால்தான் அந்தப் பரப்பை எஃப்ஏஆர் (சைட்டின் பரப்புக்கு எவ்வளவு கட்டலாம் என்ற வரம்பு) கணக்கில் சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள். கட்டில் போட்டு ஆள் குடியிருந்தால் அது கணக்கில் ஏறிவிடும். வீட்டுக்கு இருந்தாக வேண்டிய பார்க்கிங்கும் போய்விடும். ஆக, ஒரே சுவரில் இரண்டு விதிமீறல்.

எஃப்ஏஆரில் மிச்சம் இருந்து, காருக்கு சைட்டுக்குள்ளேயே வேறு இடமும் இருந்தால், திருத்திய பிளானுக்கு விண்ணப்பித்து முறையாகவே செய்யலாம். பழைய பிளானை எடுத்துக்கொண்டு, பதிவு பெற்ற இன்ஜினியர் ஒருவரிடம் கணக்குப் போடச் சொல்லுங்கள். ஆனால் முப்பதுக்கு நாற்பதில் மிச்சம் வைத்துக் கட்டியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. வீட்டுக் கடன் பாக்கி இருந்தால் வங்கியின் சம்மதமும் வேண்டும்.

இன்னொன்று, உங்கள் சம்ப், அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி, எங்கே இருக்கிறது? பெங்களூரில் பெரும்பாலும் கார் நிற்கும் இடத்துக்கு அடியில்தான் இருக்கும். என்னிடம் வழக்குக்கு வந்த கட்சிக்காரர் ஒருவர் இப்படித்தான் அறை கட்டினார். தண்ணீர் லாரி வரும் நாளில் மாமியாரை எழுப்பி, கட்டிலை நகர்த்தி, சம்ப் மூடியைத் திறந்து ஓஸ் விட வேண்டும். பாத்ரூம் குழாயும் அதை ஒட்டியே போயிற்று. சட்டத்தை விடுங்கள், குடிக்கிற தண்ணீர் அது.

அனுமதியில்லாமல் கட்டினால் மறுநாளே யாரும் வந்து நிற்க மாட்டார்கள். வெளியே வந்த உங்கள் கார் பக்கத்து வீட்டு கேட்டை மறிக்கும்போதுதான் புகார் போகும். அப்புறம் நோட்டீஸ், தற்காலிக ஆணை, உங்கள் பதில், உறுதி ஆணை. முன்கூட்டி 15 நாள் நோட்டீஸ் தராமல் இடிக்கக் கூடாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் அதனால் கிடைப்பது அவகாசம் மட்டும்தான். "அக்ரம சக்ரமவில் சரி பண்ணிக்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விதிமீறிய கட்டடங்களை அபராதம் வாங்கி முறைப்படுத்தும் கர்நாடக அரசின் அத்திட்டம் 2013 அக்டோபர் 19க்கு முந்தைய மீறல்களுக்கானது. அதற்கும் 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தடை போட்டது.

சரி, கீழேயே ஒரு போர்ஷன் வைத்துக்கொண்டு கார் ஷெட்டை ஏன் அடைக்கப் பார்க்கிறீர்கள்? அதுதான் எனக்குப் புரியவில்லை. அங்கே சமையலறையும் பாத்ரூமும் ஏற்கெனவே இருக்கின்றன, பிளானிலும் வீடாகவே இருக்கிறது. வாடகை 3,500 ரூபாய்க்கு மேல் என்றால் 1999ஆம் ஆண்டு கர்நாடக வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு குடியிருப்பவருக்குக் கிடையாது. அக்ரிமென்டில் சொன்ன கால அவகாசத்தோடு எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். அக்ரிமென்ட் இல்லாத மாத வாடகைக்குக் குறைந்தது 15 நாள். குழந்தைகள் பள்ளியில் படித்தால் ஆண்டுத் தேர்வு வரை பொறுங்கள். சட்டம் கேட்பதில்லை, நான் கேட்கிறேன். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், மாத வாடகையும் நிற்கும். வலிக்கும்தான்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையில் கவலை தந்தது அந்த 12 லட்சம். "அம்மா தருகிறார்" என்றால் என்ன பொருள்? கடனா, அன்பளிப்பா, வீட்டில் பங்கா? இன்று யாரும் கேட்க மாட்டார்கள். அம்மா காலத்துக்குப் பிறகு தங்கை கேட்பார். கேட்க அவருக்கு உரிமையும் உண்டு: இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாத தாயின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு.

கடன் என்றால் கடன் பத்திரம் எழுதி, மூன்று ஆண்டு முடிவதற்குள் "இன்னும் தர வேண்டியிருக்கிறது" என்று நீங்கள் கையெழுத்துப் போட்டுப் புதுப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் காலாவதி. அன்பளிப்பு என்றால், "என்னைக் கடைசிவரை இந்த வீட்டில் வைத்துப் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையை அம்மா எழுத்தில் வைக்கட்டும். மூத்த குடிமக்கள் சட்டம் 2007, பிரிவு 23இன்படி, நிபந்தனை மீறப்பட்டால் உதவி ஆணையர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் அந்த அன்பளிப்பைச் செல்லாததாக்கலாம். பணமும் அங்கே சொத்துதான். நிபந்தனை இருந்ததைக் காட்ட முடியாவிட்டால் அந்தப் பிரிவு உதவாது என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மகனிடமே இதைச் சொல்வது சங்கடம்தான். ஆனால் அந்தத் தாள் நாளை உங்களுக்கும் சாட்சி.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் 12 லட்சத்தை முழுதாக வாங்க மாட்டேன். போர்ஷன் வாசலில் சரிவுப் பாதை, பாத்ரூமில் கைப்பிடி, வெஸ்டர்ன் டாய்லெட், இவ்வளவுக்கு ஆகிற செலவை மட்டும் வாங்குவேன். மீதி அம்மா பெயரிலேயே அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இருக்கட்டும். 30 லட்சம் வரை போடலாம், மூன்று மாதத்துக்கொரு முறை வட்டி அவர் கணக்குக்கு வரும். நாமினி யார் என்பதை, தங்கையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அம்மாவே நிரப்பட்டும்.