வெடிமருந்தைக் குறைத்தால் ஆபத்தும் குறையுமா?

வாசகர் கேள்வி – பதில்

சென்டர்ஃபயர் ரைஃபிளுக்கு (தோட்டாவின் அடி நடுவில் தீமூட்டும் வகை) தாங்களே தோட்டா நிரப்பிக்கொள்ளும் வாசகர்கள், பயிற்சிக்கும் முயல், அணில் போன்ற சிறு வேட்டைக்கும் ஏற்ற வேகம் குறைந்த தோட்டாக்களைப் பற்றி அனுப்பிய கேள்விகள் இவை. தோட்டா நிரப்புவதற்கு உங்கள் நாட்டுச் சட்டமும் உங்கள் உரிமமும் இடம் தருகின்றனவா என்று தெரிந்துகொண்ட பிறகே இதில் இறங்குங்கள்.

கே: தோட்டா நிரப்பும் கையேட்டில் உள்ள வெடிமருந்தின் தொடக்க அளவையும் பாதியாக்கினால் உதைப்பு நன்றாகக் குறையும் அல்லவா? குறைப்பதில் என்ன ஆபத்து வந்துவிடப் போகிறது?

ப: இந்த நம்பிக்கைதான் பலரையும் சிக்கலில் மாட்டிவிடுகிறது. மருந்தின் அளவுக்கு உச்ச வரம்பு இருப்பதைப் போலவே கீழ் வரம்பும் உண்டு. அது மருந்துக்கு மருந்து மாறும்.

மெதுவாக எரியும் மருந்துகள், உறை, அதாவது தோட்டாவின் பித்தளைக் கூடு, கிட்டத்தட்ட நிறைந்திருக்கும்போது ஒழுங்காக எரியும்படி செய்யப்பட்டவை. பெரிய உறையில் அதைப் பாதியளவு போட்டால் மருந்து உறையின் அடிப்பக்கமாகப் படுத்துக்கிடக்கும். உறையின் அடியில் உள்ள தீமூட்டியான பிரைமரின் தீ மருந்தின் மேற்பரப்பு முழுவதையும் தடவிக்கொண்டு போகும். சில நேரம் அரைகுறையாகப் பற்றி, குண்டை உறையின் கழுத்திலிருந்து சற்றுத் தள்ளி, ரைஃப்லிங் எனும் குழலின் உட்புறச் சுருள் பள்ளங்களின் தொடக்கத்தில் செருகிவிட்டு நிற்கும். அடுத்த நொடிக்கூறில் மீதி மருந்து முழுவீச்சில் பற்றும்போது, நகராமல் நிற்கும் குண்டு அதற்கு அடைப்பாகிவிடுகிறது. உச்ச அளவு மருந்து போட்டும் உடையாத ரைஃபிள்கள், மெதுவான மருந்தைக் குறைத்துப் போட்டதால் உடைந்திருப்பதற்கு இப்படித்தான் விளக்கம் சொல்கிறார்கள். சோதனைக்கூடத்தில் வேண்டும்போதெல்லாம் இதை வரவழைக்க முடியவில்லை. பத்து முறை சுட்டு ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து அந்த அளவு பாதுகாப்பானது என்று முடிவு கட்டக் கூடாது என்பதற்கு அதுவே காரணம்.

உருண்டை மணி மருந்துகளில் இன்னும் கண்டிப்பு தேவை. ஹெச் 110, டபிள்யூ 296 இரண்டையும் குறிப்பிட்ட அளவிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் குறைக்க வேண்டாம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். ஆகவே எந்த மருந்தையும் மனக்கணக்கில் குறைக்காதீர்கள். குறைப்பதற்கு ஏற்ற மருந்து என்று தயாரிப்பாளர் அச்சிட்டுச் சொன்னதை மட்டும் குறையுங்கள்.

கே: அப்படி ஏற்ற மருந்துகள் எவை? அளவை எப்படிக் கணக்கிடுவது?

ப: நன்றாக நிலைபெற்ற இரண்டு வழிகளைச் சொல்கிறோம்.

முதலாவது ஹாட்ஜ்டன் என்ற வெடிமருந்து நிறுவனத்தின் 60 சதவீத விதி. உங்கள் தோட்டா வகைக்கும் குண்டின் எடைக்கும் அவர்களுடைய கையேட்டில் ஹெச் 4895 மருந்தின் உச்ச அளவு கொடுக்கப்பட்டிருந்தால், அதை 0.6 ஆல் பெருக்குங்கள். உச்ச அளவு 45 கிரெயின் (தோட்டா நிரப்புவோரின் எடை அலகு) என்றால் 27 கிரெயின். அதுவே தொடங்கும் இடம். அதற்குக் கீழே போகக் கூடாது. துல்லியம் போதவில்லை என்றால் அங்கிருந்து சிறிது சிறிதாக ஏற்றுங்கள். இரண்டு எச்சரிக்கைகள்: கையேட்டில் உங்கள் தோட்டாவுக்கு ஹெச் 4895 குறிப்பிடப்படவில்லை என்றால் இந்த விதியும் இல்லை. ஐஎம்ஆர் 4895 பெயரில் ஒத்திருந்தாலும் வேறு மருந்து. அதற்கு இந்த விதி பொருந்தாது.

இரண்டாவது டிரெயில் பாஸ். நடுவில் துளையுள்ள வளையங்களாக, எடைக்கு மிக அதிக இடத்தை அடைக்கும் மருந்து. குண்டின் அடி உறைக்குள் எவ்வளவு ஆழம் இறங்கும் என்று அளந்து, உறையின் வெளிப்புறத்தில் பேனாவால் கோடு போடுங்கள். அந்தக் கோடு வரை மருந்தை நிரப்பி, அதைத் தராசில் கொட்டி எடை பாருங்கள். அந்த எடைதான் உங்கள் உச்ச அளவு. அதில் 70 சதவீதம் தொடக்க அளவு. குண்டால் இந்த மருந்தை ஒருபோதும் அழுத்தக் கூடாது. வளையங்கள் நொறுங்கினால் எரியும் வேகம் கூடி அழுத்தம் எகிறும்.

பிஸ்டல் மருந்துகளை ரைஃபிளில் சிறு அளவில் போடும் வழியும் பழையதுதான். அதற்கான அளவை வார்த்த ஈயக் குண்டுக்கான கையேடுகளிலிருந்து மட்டும் எடுங்கள். அடுத்த பதிலைப் படிக்காமல் தொடவே வேண்டாம்.

கே: ஒரே உறையில் இரண்டு முறை மருந்து விழுந்துவிடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

ப: குறைந்த வேகத் தோட்டாவில் முதல் எதிரியே இதுதான். முழு அளவு மருந்து போடும்போது இரண்டாம் முறை ஊற்றினால் வாய்க்கு மேல் வழிந்து காட்டிக்கொடுக்கும். பிஸ்டல் மருந்தோ பெரிய உறையின் அடியில் ஒரு மூலையில் அடங்கிவிடும். இரண்டு மடங்கு, ஏன், சில உறைகளில் மூன்று மடங்குகூடச் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். மேலே சொன்ன இரண்டு மருந்துகளையும் நாங்கள் முன்னே வைப்பதற்கு இதுவும் காரணம். 60 சதவீதத்தை இரட்டித்தால் உச்ச அளவின் 120 சதவீதம். அது பெரும்பாலும் கழுத்தைத் தாண்டி நிற்கும்.

வேலைமுறை இப்படி இருக்கட்டும். மேசைமேல் ஒரே ஒரு மருந்து டப்பா. பிரைமர் பொருத்திய உறைகள் எல்லாம் ஒரு பலகையில் வாய் கீழ்நோக்கிக் கவிழ்ந்திருக்க வேண்டும். ஒன்றை எடுத்து, மருந்து ஊற்றி, இரண்டாவது பலகையில் நிமிர்த்தி வையுங்கள். கவிழ்ந்திருப்பது காலி, நிமிர்ந்திருப்பது நிறைந்தது. இடையில் யாராவது கூப்பிட்டாலும் எது எது என்ற குழப்பம் வராது. எல்லாம் முடிந்ததும் சிறு டார்ச் அடித்து, வரிசை வரிசையாக ஒவ்வோர் உறைக்குள்ளும் மருந்தின் மட்டத்தைப் பாருங்கள். பார்த்து முடித்த பிறகே குண்டு பொருத்தும் வேலை. முடிந்த தோட்டாவை எடை போட்டுக் கண்டுபிடித்துவிடலாம் என்று விட்டுவிடாதீர்கள். உறைகளின் எடையே ஒன்றுக்கொன்று சில கிரெயின் வேறுபடுவதால் சிறு அளவு மருந்தின் வித்தியாசம் அதற்குள் ஒளிந்துகொள்ளும்.

இன்னொன்று: மின்தராசு கிராமில் நிற்கிறதா, கிரெயினில் நிற்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஒரு கிராம் என்பது 15.4 கிரெயின்.

கே: ஒரு தோட்டா ‘புஸ்’ என்று அடங்கிய சத்தத்தோடு போனது. உதைப்பே இல்லை. இலக்கிலும் ஓட்டை இல்லை. என்ன செய்ய வேண்டும்?

ப: அடுத்த தோட்டாவை ஏற்றாமல் நிறுத்த வேண்டும். குண்டு குழலுக்குள் நிற்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மருந்து தாமதமாகப் பற்றலாம் என்பதால் குழலைப் பாதுகாப்பான திசையில் நீட்டியபடி குறைந்தது அரை நிமிடம் காத்திருங்கள். பிறகு குழலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டைக் கழற்றி, சேம்பர், அதாவது தோட்டா உட்காரும் அறை, காலியா என்று பார்த்து, துப்புரவுக் கம்பியைக் குழல் வாய் வழியாக விட்டு அது மறுமுனை வரை வருகிறதா என்று சோதியுங்கள். தடுத்தால், இரண்டு பக்கமும் துளைத்தெண்ணெய் விட்டு ஊறவைத்து, குழலின் விட்டத்துக்கு நெருக்கமான பித்தளைக் கம்பியால் தட்டி வெளியேற்றலாம். நகரவில்லை என்றால் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். இன்னொரு தோட்டாவால் அதைச் சுட்டுத் தள்ளலாம் என்று முயன்றால் குழல் புடைக்கும், அல்லது வெடிக்கும்.

செம்பு உறையிட்ட குண்டு குழலில் நகர ஈயக் குண்டைவிட அதிக அழுத்தம் கேட்கும். விநாடிக்கு 1,000 அடி, அதற்கும் கீழே என்று போக நினைப்பவர்கள் செம்புக் குண்டை விட்டு ஈய வார்ப்புக் குண்டுக்கு வருவதே சரி.

கே: சுட்ட உறையில் பிரைமர் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. அழுத்தம் கூடிவிட்டதா?

ப: இல்லை, நேர்மாறு. முழு அழுத்தத்தில் நடப்பது இது: பிரைமர் வெடிக்கும்போது பின்னோக்கி நகரும், உடனே உறை முழுவதும் போல்ட் முகத்தில் மோதி, பிரைமரைத் திரும்ப அதன் குழிக்குள் அமுக்கிவிடும். குறைந்த அழுத்தத்தில் உறை பின்னால் வருவதற்கான பலமே இல்லை. பிரைமர் மட்டும் துருத்தியபடி நின்றுவிடுகிறது. அது துருத்திய தூரம்தான் உறைக்கும் சேம்பருக்கும் இடையே உள்ள இடைவெளி.

கவலைப்பட வேண்டியது அடுத்த கட்டத்துக்கு. விளிம்பில்லாத உறைகளில் பிரைமரை அடிக்கும் ஊசியான ஸ்ட்ரைக்கரின் அடியும் பிரைமரின் உந்தலும் சேர்ந்து ஒவ்வொரு முறையும் உறையின் தோளை (கழுத்துக்குக் கீழே ஒடுங்கும் பகுதி) கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னே தள்ளும். உறை குட்டையாகிக்கொண்டே போகும். அப்படிப் பல முறை சுட்ட உறையில் ஒரு நாள் முழு அளவு மருந்தைப் போட்டால், உறை நீண்டு அடிக்கு மேலே வளையமாக அறுந்துபோகலாம். எனவே குறைந்த வேகத் தோட்டாவுக்கென்று உறைகளைத் தனியாக ஒதுக்கி, அடியில் அழியாத மையால் அடையாளம் இடுங்கள். அவற்றுக்குக் கழுத்தை மட்டும் சுருக்கும் டை, அதாவது அச்சு, போதும். பிரைமர் துளையைப் பெரிதாக்கித் தோள் தள்ளுவதைத் தடுப்பவர்கள் உண்டு. ஆனால் அந்த உறை தவறிப்போய் முழு அளவுத் தோட்டாக்களோடு கலந்தால் பெரிய ஆபத்து. தொடங்குபவர்களுக்கு அதை நாங்கள் சொல்வதில்லை.

கே: உறையின் கழுத்தும் தோளும் கரிப்பிடித்து வருகின்றனவே?

ப: பித்தளை விரிந்து சேம்பரை அடைக்கும் அளவுக்கு அழுத்தம் எழவில்லை. இந்த வகைத் தோட்டாவில் இயல்புதான். சேம்பரைத் துடைத்து வையுங்கள். கரி உறையின் உடல் வரை இறங்கினால் மட்டும் அளவைச் சற்று ஏற்றிப் பாருங்கள்.

கே: ஒரே அளவு மருந்து. ஆனால் வேகமானியில் எண்கள் தாறுமாறாக வருகின்றன.

ப: மருந்து உறைக்குள் எங்கே கிடக்கிறது என்பதைப் பொறுத்து அது மாறுகிறது. ஒரு சோதனை செய்து பாருங்கள். ஐந்து தோட்டாக்களைச் சுடும் முன் குழலை மெல்ல மேலே தூக்கி இறக்கி, மருந்து பிரைமர் பக்கம் சாயும்படி செய்து சுடுங்கள். அடுத்த ஐந்தைக் கீழே தாழ்த்தி உயர்த்தி, மருந்து குண்டின் பக்கம் சாய்ந்தபடி சுடுங்கள். இரண்டு சராசரிகளுக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தால் அந்த மருந்து உங்கள் உறைக்கு ஏற்றதல்ல. அதிக இடம் அடைக்கும் மருந்துக்கு மாறுங்கள். பஞ்சு, செயற்கை இழை என்று வைத்து மருந்தைப் பின்னே நிறுத்தும் பழக்கமும் இருக்கிறது. கழுத்து ஒடுங்கிய உறையில் அந்த அடைப்பு குண்டின் அடியில் போய் மோதி, சேம்பரில் வளையமாகப் புடைப்பு விழுந்த துப்பாக்கிகள் உண்டு. அதை விட்டுவிடுவது நல்லது.

கழுத்தின் பிடி தளர்வாக இருந்தாலும் இதே கோளாறு வரும். குண்டு எளிதாகக் கழன்றால் மருந்து ஒழுங்காகப் பற்றுவதற்கு முன்பே அழுத்தம் கலைந்துவிடும்.

கே: வார்ப்பு ஈயக் குண்டு போட்டால் குழலில் ஈயம் அப்புகிறது. கலவையை இன்னும் கடினமாக்க வேண்டுமா?

ப: முதலில் அளவைப் பாருங்கள், பிறகு கடினத்தை. குண்டின் விட்டம் குழலின் பள்ள விட்டத்தைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு கூடுதலாக இருக்க வேண்டும். குறைந்தால் சூடான வாயு பக்கவாட்டில் கசிந்து ஈயத்தை உருக்கி அப்பிவிடும். எவ்வளவு கடினமான கலவையானாலும் அது நிற்காது. உறையின் வாயை லேசாக மணிபோல் விரித்துவிட்டுப் பொருத்துங்கள். இல்லையென்றால் பித்தளை விளிம்பு ஈயத்தைச் சுரண்டி, சரியாக வார்த்த குண்டையும் சிறிதாக்கிவிடும். விநாடிக்கு 1,400 அடி, அதற்கு மேல் என்றால் குண்டின் அடியில் செம்புக் கிண்ணம், அதாவது கேஸ் செக், மாட்டுவது வழக்கம்.

ஈயம் உருக்கும் இடத்தில் நல்ல காற்றோட்டம் வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீரும் பக்கத்தில் இருக்கக் கூடாது. உருகிய ஈயத்துக்குள் போனால் சட்டென நீராவியாகி ஈயத்தை அள்ளித் தெறிக்கும். கையைக் கழுவாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள். குழந்தைகளை அந்த அறைக்குள் விடாதீர்கள்.

கே: முயல் வேட்டைக்கு இந்தத் தோட்டா போதுமா? எந்தக் குண்டு நல்லது?

ப: பலம் போதும், போதும் என்பதைவிட அதிகம். 150 கிரெயின் குண்டு விநாடிக்கு 1,400 அடியில் போனாலும் சுமார் 885 ஜூல் ஆற்றல் இருக்கும். சாதாரண .22 ரிம்ஃபயர் குண்டுக்கு 140 ஜூல் அளவுதான். பிரச்சினை குண்டின் வடிவத்தில். மான் வேட்டைக்கான கூர்முனைக் குண்டு அதிவேகத்தில் விரியும்படி செய்தது. இந்த வேகத்தில் அது விரியாமல் ஊசிபோல் துளைத்துப் போய்விடும், விலங்கு அடிபட்டு ஓடிவிடும். தட்டை முனை கொண்ட வார்ப்புக் குண்டு இறைச்சியைக் கெடுக்காமல் சட்டென வீழ்த்தும். குறி தலைக்கு வையுங்கள். தலையில் உறுதியாக வைக்க முடியாத தூரத்தில் சுடாதீர்கள்.

வேகம் குறைவு என்பதால் பின்னே மண்மேடு தேவையில்லை என்று நினைக்காதீர்கள். மெதுவான ஈயக் குண்டு கல்லில், தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் வாய்ப்பு அதிகம். தெறித்த பிறகும் அது வெகுதூரம் போகும்.

கே: முழு அளவுத் தோட்டாவுக்கு வைத்த தொலைநோக்கி அமைப்பே இதற்கும் போதுமா?

ப: போதாது. விநாடிக்கு 1,400 அடியில் கிளம்பும் குண்டு 50 மீட்டருக்குள் ஏறக்குறைய 7 செ.மீ. விழும். 2,700 அடியில் கிளம்புவது 2 செ.மீ. அளவே விழும். அதற்கு மேல், குழலின் அதிர்வு மாறுவதால் குண்டு இடமோ வலமோ விலகியும் போகலாம். தாளில் சுட்டுப் பார்த்து, தொலைநோக்கியின் திருகை எத்தனை கிளிக் மேலே, எத்தனை கிளிக் பக்கவாட்டில் திருப்ப வேண்டும் என்று எழுதி, தோட்டாப் பெட்டியின் மூடியில் ஒட்டுங்கள். மருந்தின் பெயர், அளவு, குண்டு, பிரைமர், நிரப்பிய தேதி ஆகியவையும் அதே சீட்டில் இருக்கட்டும்.

கே: தானியங்கித் துப்பாக்கியில் பயன்படுமா?

ப: சுடும், ஆனால் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றாது. ஒவ்வொரு முறையும் கையால் இழுக்க வேண்டும். பாதி இழுத்து உறை சிக்கிக்கொள்வதும் நடக்கும். போல்ட் ஆக்‌ஷன், சிங்கிள் ஷாட் போன்ற, கையால் ஏற்றும் துப்பாக்கிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.