அமெரிக்காவில் ஹிஸ்பானிக் தொழிலாளர் சம்பளம்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, வெள்ளையருக்கும் ஹிஸ்பானிக்குகளுக்கும் சம்பள வித்தியாசம் எவ்வளவுதான்? ஆளுக்கு ஒரு கணக்கு சொல்கிறார்கள்.

பதில்: முழுநேர வேலையில் நடுமட்டத்தில் இருப்பவரை எடுத்துக்கொண்டால், வெள்ளையர் 100 டாலர் வாங்கும் இடத்தில் ஹிஸ்பானிக் (மெக்சிகோ போன்ற ஸ்பானிஷ் பேசும் இடங்களைப் பூர்வீகமாகக் கொண்ட) தொழிலாளிக்குச் சுமார் 75. அரசுக் கணக்கில் தங்களை வெள்ளையர் என்று சொல்லும் ஹிஸ்பானிக்குகளும் 'வெள்ளையர்' பட்டியலில் வந்துவிடுவார்கள். பிரித்துப் பார்த்தால் இடைவெளி இன்னும் கொஞ்சம் கூடும்.

கேள்வி: படிப்பு குறைவு, ஆங்கிலம் சரளமில்லை. அதனால்தானே?

பதில்: பெரும்பகுதி அதுதான். பட்டம் பெற்றவர்கள் ஹிஸ்பானிக்குகளில் ஐந்தில் ஒருவர், வெள்ளையரில் ஐந்தில் இருவர். ஆனால் படிப்பும் அனுபவமும் ஒத்தவர்களை ஒப்பிட்டாலும் வித்தியாசம் மறைவதில்லை. பொருளாதார ஆய்வாளர்கள் மேரி மோராவும் ஆல்பர்ட்டோ டாவிலாவும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், 2016 கணக்குப்படி ஹிஸ்பானிக் ஆண்களுக்கு வெள்ளை ஆண்களைவிடச் சம்பளம் சுமார் 15% குறைவு. ஹிஸ்பானிக் பெண்களை வெள்ளை ஆண்களோடு வைத்துப் பார்த்தால் சுமார் 33%. 1979இலிருந்தே இது பெரிதாக அசையவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தும் விஷயம்.

கேள்வி: சட்டம் எல்லோருக்கும் பொதுதானே?

பதில்: ஏட்டளவில்கூட அப்படி இருக்கவில்லை. சங்கம் வைக்கும் உரிமை தந்த 1935 சட்டம், மெக்சிகன்கள் பலர் இருந்த பண்ணைத் தொழிலாளரை ஒதுக்கியது. குறைந்தபட்ச ஊதியத்துக்கான 1938 சட்டமும் ஒதுக்கியது. அப்புறம் 1942 முதல் 1964 வரை 'பிராசெரோ' திட்டத்தில் மெக்சிகோவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்தார்கள். ஆரம்ப ஆண்டுகளில் கூலியில் 10% பிடித்து, ஊர் திரும்பியதும் தருவதாகச் சொன்னார்கள். பலர் கைக்கு அது வரவே இல்லை. 1966இல்தான் குறைந்தபட்ச ஊதியம் பண்ணைகளைத் தொட்டது, அதுவும் பெரிய பண்ணைகளை மட்டும். ஓவர்டைம் உரிமை மத்தியச் சட்டத்தில் இன்றும் இல்லை. 1965இல் கலிபோர்னியாவின் டெலானோ திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தத்தைத் தொடங்கியவர்கள் பிலிப்பினோக்கள். தொழிற்சங்கத் தலைவர் செசார் சாவேஸின் மெக்சிகன் தொழிலாளர்கள் பிறகு சேர்ந்தார்கள் (புகழ் மட்டும் இவர்கள் பக்கம் போய்விட்டது). கலிபோர்னியாவில் பண்ணைச் சங்கங்களுக்குச் சட்ட உரிமை கிடைக்க 1975 ஆனது.

கேள்வி: பேரப்பிள்ளைகள் காலத்திலாவது சரியாகிறதா?

பதில்: பொருளாதார அறிஞர் ராஜ் செட்டி குழுவின் ஆய்வுப்படி, ஹிஸ்பானிக் பிள்ளைகள் தலைமுறைக்குத் தலைமுறை வெள்ளையரை நெருங்குகிறார்கள். ஆனால் மூன்றாம் தலைமுறைக் கணக்கை எச்சரிக்கையோடு படியுங்கள். கலப்பு மணத்தில் பிறந்து, நன்றாகப் படித்து மேலே போனவர்களில் பலர் தங்களை மெக்சிகன் என்று குறிப்பிடுவதில்லை. டங்கன், டிரெஹோ என்ற பொருளாதார ஆய்வாளர்கள் இருவரும் காட்டியது இதைத்தான். அவர்கள் கழன்றுகொள்வதால், மிச்சமிருப்பவர்களின் நிலை நிஜத்தைவிட மோசமாகத் தெரியும்.

கேள்வி: அனுமதியில்லாமல் வந்து வேலை செய்யும் எல்லோருக்கும் பேப்பர் கொடுத்தால் தீர்ந்துவிடாதா?

பதில்: கொஞ்சம் தீரும். 1986 குடியேற்றச் சட்டத்தில் சுமார் 27 லட்சம் பேருக்குச் சட்டபூர்வத் தகுதி கிடைத்தது. அவர்களின் கூலியும் ஓரளவு ஏறியது. ஆனால் அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட தீவான போர்ட்டோ ரிக்கோக்காரர்கள் 1917இலிருந்தே அமெரிக்கக் குடிமக்கள். அவர்களும் சராசரியில் வெள்ளையருக்குக் கீழேதான் இருக்கிறார்கள்.