விரல் மாட்டிக்கொள்கிறது, காது மந்தம்: பேத்தியோடு வயலின் வாசிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 68. ஊர் பல்லடம் பக்கம். நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சின்ன வயதில் வயலின் கற்றேன். அப்புறம் பல வருடம் தொடவே இல்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கோவையிலிருந்து மகள் குடும்பம் வரும். மகள் பாடுவாள், மருமகன் மிருதங்கம், பேத்தியும் நானும் வயலின். இவ்வளவு சந்தோஷம் எனக்கு வேறெதிலும் இல்லைங்க. ஆனால் இடக்கை மோதிர விரல் மடங்கி மாட்டிக்கொண்டு, பிறகு 'டக்'கென்று நிமிர்கிறது. 15 வருடமாகச் சர்க்கரை. காது மிஷின் போட்டால் வயலின் சத்தம் நடுங்குகிறது. தரையில் உட்கார்ந்தால் முழங்கால் வலி. "இந்த வயசுல எதுக்குங்கப்பா, பேசாமக் கேட்டுட்டு உக்காந்திருங்க" என்கிறான் மகன். நிறுத்திவிடட்டுமா?

பதில்: நிறுத்த வேண்டாங்க, ஐயா. விரலைக் கவனிக்க வேண்டும், காது மிஷினைச் சரி செய்ய வேண்டும், உட்காரும் இடத்தை மாற்ற வேண்டும். மூன்றுமே ஆகிற காரியம்தான்.

விரலில் இருப்பதை ட்ரிக்கர் ஃபிங்கர் என்போம். விரலை மடக்கும் தசைநாண், விரலின் அடியில் உள்ளங்கைப் பக்கம் ஒரு குறுகிய உறைக்குள் ஓடுகிறது. உறை தடித்துவிட்டால், முடிச்சு விழுந்த நூல் ஊசிக் காதில் நிற்பது போல நாண் மாட்டிக்கொள்ளும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம். வயலின் மேல் மட்டும் பழி போடாதீர்கள். கும்பிடுவது போல இரண்டு கைகளையும் சேர்த்துப் பாருங்கள். விரல்கள் இடைவெளி இல்லாமல் ஒட்டவில்லை என்றால், நாள்பட்ட சர்க்கரையால் கை மூட்டுகள் இறுகியிருக்கலாம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையையும் பார்த்துக்கொண்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். இரவில் விரல் மடங்காமல் பிடிக்கச் சிம்பு (ஸ்ப்ளின்ட்), தேவைப்பட்டால் ஸ்டீராய்டு ஊசி, அதற்கும் சரியாகாவிட்டால் மரக்கச் செய்து ஒரு சின்ன அறுவை சிகிச்சை. ஊசி போட்டால் சில நாள் சர்க்கரை ஏறும்; அதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக்கடையில் நீங்களாக வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். நாள்பட்ட சர்க்கரைக்காரரின் சிறுநீரகம் அதைத் தாங்காமல் போகலாம்.

வாசிப்பிலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். மகளின் குரலுக்கு ஒத்துவந்தால் சுருதியை அரைக்கட்டை இறக்குங்கள். தந்தியின் இறுக்கம் குறையும். நம் வாசிப்பில் கமகமெல்லாம், அதாவது சுரத்தை அசைத்து வாசிப்பதெல்லாம், பெரும்பாலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சறுக்கி எடுப்பவைதானே. மோதிர விரலின் வேலையையும் முடிந்தவரை அவற்றுக்கே கொடுங்கள். கால் மணி நேரம் வாசித்ததும் கையை இறக்கி ஓய்வு கொடுங்கள்.

முழங்காலுக்கு வழி எளிது. பவானி ஜமுக்காளத்தில் பிள்ளைகள் உட்காரட்டும், நீங்கள் கை இல்லாத நாற்காலிக்கு மாறிவிடுங்கள். தரையில் உட்காரும்போது போல வயலின் தலையைத் தாங்கக் கணுக்கால் கிடைக்காது என்பதால், பேத்தியின் ஆசிரியரிடம் கேட்டு ஒரு தோள்தாங்கி பொருத்திக்கொள்ளுங்கள்.

காதுதான் முக்கியம். மில் இரைச்சலில் பல வருடம் வேலை பார்த்தவர்களுக்கு முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்து உயர்ந்த ஒலிகள். வயலின் நாதத்தின் மினுமினுப்பு இருப்பதும் அங்கேதான். காது மிஷினோ பேச்சுக்காகச் செய்தது. நீளமாக இழுத்த வில்லின் ஒலியைத் தன்னுடைய 'கீ' சத்தம் என்று நினைத்து அடக்கப் பார்க்கும். நீங்கள் கேட்கும் நடுக்கம் பெரும்பாலும் அதனால்தான். மிஷினைச் சரிபார்க்கிறவரிடம் வயலினையும் எடுத்துப் போங்கள்; அங்கேயே வாசித்துக் காட்டி, இசைக்கென்று தனி அமைப்பு வைத்துத் தரச் சொல்லுங்கள். பல டிஜிட்டல் மிஷின்களில் அந்த வசதி உண்டு, புதிதாக வாங்க வேண்டியிருக்காது. ஒரு காது மட்டும் திடீரென்று அடைத்துப்போனால் வாரக்கணக்கில் பொறுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இனி மகன் சொன்னதற்கு வருவோம். வாத்தியம் வாசித்தால் மறதி நோய் வராது என்று நிறையப் பேர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 75 வயதைத் தாண்டிய 469 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2003-ல் அமெரிக்காவில் வெளியானது. அதில் வாத்தியம் வாசித்தவர்களிடம் மறதி நோய் குறைவாகத்தான் இருந்தது. ஆனால் நோயின் ஆரம்பத்திலேயே வாத்தியத்தைக் கீழே வைத்தவர்களும் இருக்கக்கூடும் அல்லவா? அதனால் அந்த வாக்குறுதியை நான் தரமாட்டேன். உங்களுக்கு அது தேவையும் இல்லை.

சும்மா கேட்டுக்கொண்டிருப்பது வேறு, சேர்ந்து வாசிப்பது வேறு. மகள் மூச்சு எடுப்பதைப் பார்த்து நீங்கள் வில்லைத் தூக்குகிறீர்கள். பேத்தி அவசரப்பட்டால் மருமகன் மிருதங்கத்தில் காலப்பிரமாணத்தை (பாட்டின் வேகத்தை) பிடித்து நிறுத்துகிறார். அவளுடைய விரல் உங்களைவிட வேகம். மோகன ராகத்தின் காந்தாரம் ('க' சுரம்) எவ்வளவு அசைய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். மேற்கே நாலைந்து பேர் தலைவர் என்று யாருமில்லாமல் ஒரு அறையில் உட்கார்ந்து வாசிப்பதைச் சேம்பர் மியூசிக் என்கிறார்கள். அங்கேயும் சுவை இதுதான்: ஒவ்வொருவரும் மற்றவரைக் கேட்டே ஆக வேண்டும். ஓய்வு பெற்ற ஆண்கள் பலரிடம் வீட்டில் யாரும் எதுவும் கேட்பதில்லை. மாத்திரை போட்டாச்சா என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. உங்களிடம் ஒரு குழந்தை "அப்பச்சி, இந்த இடம் எப்படிப் போகும்?" என்று கேட்கிறாள். அதை விட்டுவிடாதீர்கள். மகனையும் தாளம் போட உட்கார வையுங்கள்.

சிம்பு கட்டியிருக்கும் வாரங்களிலும் நீங்கள் ஒதுங்க வேண்டியதில்லை. ச-ப-ச-ப என்று சுருதி சேர்த்த திறந்த தந்திகளுக்கு இடக்கை விரலே வேண்டாம். வில்லை நீளமாக ஓட்டிச் சுருதி பிடியுங்கள், பேத்தி அதன்மேல் வாசிக்கட்டும். விரல் மடங்கியே நின்றுவிட்டால் மட்டும் பிடித்து இழுக்காமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.