எங்கள் ஏரியாவில் புதிதாக ஓர் இத்தாலிய உணவகம் திறந்திருக்கிறார்கள். முதல்முறை போகும்போது என்ன ஆர்டர் செய்தால் கடை தேறுமா தேறாதா என்று தெரியும்?

ஒரு மார்கரிட்டா பீட்சா, ஒரு ஸ்பகெட்டி ஆலியோ ஓலியோ (பூண்டும் ஆலிவ் எண்ணெயும் போட்ட பாஸ்தா). இரண்டையும் ஒழுங்காகக் கொண்டுவந்து வைக்கிற சமையலறை மெனுவில் இருக்கும் மற்றதையும் ஒப்பேற்றிவிடும். இவற்றில் சொதப்புகிற கடையில் டிரஃபிள் காளான் வாசனை எண்ணெய் ஊற்றிய எதை வாங்கினாலும் காசுக்குக் கேடு.

நான்கு பேர், அம்மா சுத்த சைவம், ஒரு சனிக்கிழமை இரவு போகலாம் என்றிருக்கிறோம் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். ஊர் சொல்லவில்லை, சென்னை என்று வைத்துக்கொள்கிறேன். முதலில் அந்தச் சனிக்கிழமையை மாற்றுங்கள். பீட்சா அடுப்பின் கல் தரை ஒவ்வொரு பீட்சாவுக்கும் தன் சூட்டில் கொஞ்சம் கொடுத்துவிடும். அடுத்தடுத்து பத்துப் பன்னிரண்டு போனால் தரை ஆறிப்போகும், மேலே இருக்கும் தீ மட்டும் அப்படியே எரியும். விளைவு, மேலே கருகல், கீழே வெளுப்பு. அனுபவமுள்ள கை என்றால் நடுவே நிறுத்தித் தரையைச் சூடேற விடும். புதுக் கடையில் வாசலில் இருபது பேர் காத்திருக்கும்போது அந்தத் துணிச்சல் யாருக்கும் வராது. செவ்வாய், புதனில் ஏழு மணிக்குப் போங்கள். திறந்து ஒரு மாதமாவது ஆகட்டும்.

மெனுவைப் பார்த்தே பாதி சொல்லிவிடலாம். 'பாஸ்தாவைத் தேர்ந்தெடுங்கள், ஒயிட், ரெட், பிங்க் சாஸில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்' என்று கட்டம் போட்டிருந்தால், பெரும்பாலும் பாஸ்தா காலையிலேயே முக்கால் வேக்காடு வெந்து, ஒட்டாமலிருக்க எண்ணெய் புரட்டி, டப்பாவில் குளிர்பெட்டிக்குள் இருக்கிறது என்று பொருள். ஆர்டர் வந்ததும் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி சாஸில் போடுவார்கள். முன்வேக்காடு தானாகவே குற்றமில்லை, கூட்டமுள்ள நல்ல கடைகளும் செய்கின்றன. அந்த எண்ணெய்தான் வில்லன். அது பாஸ்தாவின் மேல் படிந்துகொண்டு சாஸை ஒட்ட விடாது. தட்டின் அடியில் நீர் தனியாகவும் மேலே பாஸ்தா வழுவழுவென்றும் கிடந்தால் காரணம் இதுதான்.

இனி பீட்சா. மார்கரிட்டாவில் மாவு, தக்காளி, மொசரெல்லா, பேசில் என்னும் துளசி வகை இலை, எண்ணெய், இவ்வளவுதான். குறையை மறைக்க அங்கே இடமில்லை. இத்தாலியின் நாப்போலி (நேப்பிள்ஸ்) நகரத்துப் பீட்சாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் பாரம்பரியச் சிறப்பு அங்கீகாரம் கொடுத்தபோது செய்முறையையும் எழுதி வைத்தது. அடுப்புத் தரை சுமார் 485 டிகிரி செல்சியஸ், வேகும் நேரம் 60 முதல் 90 விநாடி, விட்டம் 35 சென்டிமீட்டருக்குள், விளிம்பு 1 முதல் 2 சென்டிமீட்டர், நசுக்கிய தக்காளி 70 முதல் 100 கிராம், மொசரெல்லா 80 முதல் 100 கிராம். சீஸ் அளவைக் கவனியுங்கள். நம் ஊரில் அதே அளவு பீட்சாவில் இரண்டு மடங்கு சீஸ் போட்டு நூல் இழுத்துப் படம் எடுக்கிறார்கள். அந்தக் கனத்துக்கு அடியில் மாவு வேகவே வேகாது.

பீட்சா வந்ததும் ஒரு துண்டை எடுத்து அடிப்பாகத்தைப் பாருங்கள். சிறுத்தைத் தோல் மாதிரி சிறு கரும்புள்ளிகள் பரவியிருந்தால் தரை நல்ல சூட்டில் இருந்திருக்கிறது. ஒரே சீராக வெளுத்திருந்தால் சூடு போதவில்லை. அடியில் கருப்புப் பொடி ஒட்டி நாக்கில் கசந்தால் அது முந்தைய பீட்சாக்கள் உதிர்த்த மாவு கல்லின் மேலேயே கருகியது. பிரஷ் போட்டுத் துடைக்கவில்லை, அவ்வளவுதான். பிறகு துண்டின் குறுக்குவெட்டைப் பாருங்கள். தக்காளிக்கு நேர்கீழே பச்சை மாவாக, ஒட்டும் தன்மையில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தால் மூன்றில் ஒரு காரணம்: தக்காளி அதிகம், மொசரெல்லாவின் தண்ணீரை வடிக்கவில்லை, அல்லது குளிர்பெட்டியிலிருந்து எடுத்த மாவு உருண்டையை அறை வெப்பத்துக்கு வர விடாமல் சில்லென்றே தட்டிவிட்டார்கள்.

நாப்போலி பாணியில் நடுப்பகுதி ஈரமாக, மடங்கித் தொங்கும்படிதான் இருக்கும். அது வேகாதது இல்லை. 'மொறுமொறுப்பாக இல்லை' என்று திருப்பி அனுப்பாதீர்கள். மொறுமொறுப்பு வேண்டுமென்றால் ரோமன் பாணி, இன்னும் மெல்லிய மாவு, 300 டிகிரியை ஒட்டிய சூட்டில் சில நிமிடங்கள். கடை எந்தப் பாணி என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் தெரியாமல் விழித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

சென்னையில் பீட்சா போடுகிறவர்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அறை வெப்பம் 32 டிகிரி இருக்கும் ஊரில் நாப்போலிக்காரர்கள் மாதிரி மாவை வெளியே எட்டு மணி நேரம் வைத்தால் பொங்கி, புளித்து, தளர்ந்துவிடும். அப்படிப்பட்ட மாவில் சர்க்கரையை ஈஸ்ட் தின்று தீர்த்திருக்கும். அதனால் விளிம்பு எவ்வளவு சுட்டாலும் பொன்னிறம் பிடிக்காமல் சாம்பல் வெளுப்பாக நிற்கும், லேசாகச் சாராய வாசனையும் அடிக்கும். குளிர்பெட்டியில் 4 டிகிரியில் 24 முதல் 48 மணி நேரம் வைப்பதுதான் இங்கே வழி. 'மாவு எவ்வளவு நேரம் ஊறுகிறது' என்று பரிமாறுபவரிடம் கேளுங்கள், அவர் உள்ளே போய்க் கேட்டு வந்து சொன்னாலும் பரவாயில்லை. 'இன்னைக்குக் காலைல பிசைஞ்சது சார், ஃப்ரெஷ்' என்று பெருமையாகச் சொன்னால் அன்று பாஸ்தா வாங்குங்கள்.

மேலே போடும் பேசில் இலை நம் திருநீற்றுப்பச்சிலையின் இனம்தான், சப்ஜா விதை தருகிற அதே செடி. ஆனால் இத்தாலியர் வளர்க்கும் ரகத்தில் இலை பெரியது, காரம் குறைவு. சில கடைகளில் கோயில் துளசியைக் கிள்ளிப் போடுகிறார்கள், தீர்த்தம் குடித்த மாதிரி இருக்கும்.

ஆலியோ ஓலியோவுக்கு வருவோம். பூண்டு, ஆலிவ் எண்ணெய், மிளகாய், ஸ்பகெட்டி, பார்ஸ்லி. ஒருவருக்கு 80 முதல் 100 கிராம் உலர் பாஸ்தா, பூண்டு 2 பல், எண்ணெய் 2 முதல் 3 மேசைக்கரண்டி. பூண்டை மெல்லிய சீவலாக்கி ஆறிய எண்ணெயிலேயே போட்டுச் சிறு தீயில் ஏற்ற வேண்டும், ஓரம் லேசாக மஞ்சளித்ததும் தீ அணைய வேண்டும். நம் தாளிப்புப் பழக்கத்தில் எண்ணெய் புகைய வைத்துப் பூண்டைப் போட்டால் 20 விநாடியில் சிவந்து கசந்துவிடும், அந்தக் கசப்பை எதனாலும் எடுக்க முடியாது. பாஸ்தா வேக 100 கிராமுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு என்பது இத்தாலிய வீடுகளின் கணக்கு. உப்புக் குறைந்தால் பாஸ்தாவின் உள்ளே சுவை இருக்காது, பிறகு மேலே எவ்வளவு தூவினாலும் அது வெளி உப்புதான். பாக்கெட்டில் போட்ட நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே எடுத்து, வேகவைத்த நீர் ஒரு கரண்டி ஊற்றி, வாணலியில் எண்ணெயோடு வேகமாகப் புரட்ட வேண்டும். நீரிலிருக்கும் மாவுச்சத்து எண்ணெயையும் நீரையும் சேர்த்துப் பாலாக்கும். தட்டில் எண்ணெய் தனியாக மிதந்தால் அந்தக் கடைசிப் புரட்டலை விட்டுவிட்டார்கள். கடித்த இழையின் நடுவில் மெல்லிய எதிர்ப்பு இருந்தால் பதம் சரி. மாவாக நொறுங்கினால் வேகவில்லை, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அசைவம் சாப்பிடுபவர் கூட இருந்தால் கார்போனாரா பாஸ்தா. ரோமில் அது முட்டை, பெகோரினோ சீஸ், மிளகு, பன்றிக் கன்னக்கொழுப்பு, அவ்வளவே. கிரீம் கிடையாது. இங்கே கிரீம் ஊற்றுவதற்குக் காரணம் சுவை இல்லை, பயம். முட்டை மஞ்சள் கரு 65 டிகிரியைத் தாண்டியதும் கெட்டிப்பட ஆரம்பிக்கும், 70இல் பொரியல். அடுப்பிலிருந்து இறக்கிக் கலக்கத் தெரியாதவருக்குக் கிரீம் காப்பீடு. 'எங்களுக்குக் கிரீம் போட்டதுதான் பிடிக்கும்' என்று கருத்து எழுதப் போகிறவர்களே, தாராளமாகச் சாப்பிடுங்கள். நான் இத்தாலியனும் இல்லை, கலாசாரக் காவலனும் இல்லை, பனீர் டிக்கா பீட்சாவோடும் எனக்குச் சண்டை இல்லை. கேட்டவர் கடையை எடைபோட வழி கேட்டார், அதற்கான பதில் இது. காச்சோ எ பெப்பே என்ற பாஸ்தா இன்னும் கடினம். பெகோரினோ சீஸும் மிளகும் மட்டுமே என்பதால் சூடு மிஞ்சினால் சீஸ் ரப்பராகத் திரளும். சீஸின் எடையில் 2 முதல் 3 சதவீதம் மாவுச்சத்து இருந்தால் திரளாது என்று கண்டுபிடித்த இயற்பியலாளர்களுக்கு 2025இல் இக் நோபல் பரிசே (சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆராய்ச்சிகளுக்கான விளையாட்டுப் பரிசு) கொடுத்தார்கள். புதுக் கடையில் முதல் நாளே இதை வாங்கிச் சோதிப்பது கொஞ்சம் குரூரம்.

ரிசோட்டோ என்ற இத்தாலியச் சோற்றை வேகாத அரிசியிலிருந்து தொடங்கினால் 16 முதல் 18 நிமிடம். ஏழு நிமிடத்தில் வந்தால் முன்னமே பாதி வெந்தது. தட்டைச் சாய்த்தால் அலைபோல் நகர வேண்டும், கரண்டி நட்டால் நிற்கக் கூடாது. வேறு சொல்ல ஒன்றும் இல்லை.

அம்மாவுக்காக இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். பச்சைப் புள்ளி போட்ட மெனுவை மட்டும் நம்ப வேண்டாம். அசல் பார்மிஜானோ ரெஜியானோ சீஸுக்குப் பாலைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் என்ற பொருளால் உறைய வைக்கிறார்கள். கிரானா படானோவும் அப்படியே. பெகோரினோ ரோமானோவில் ஆட்டுக்குட்டி ரென்னெட். பெஸ்டோ என்ற பேசில் சாஸில் இவை கலந்திருக்கும், பாஸ்தாவின் மேல் தூவலாகவும் வரும். தாவர, நுண்ணுயிர் ரென்னெட்டில் செய்த சீஸ்களும் உண்டு, ஆகவே 'சைவமா' என்று கேட்காமல் 'எந்த ரென்னெட்' என்று கேளுங்கள், டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள். ரிசோட்டோவிலும் மினெஸ்ட்ரோனே சூப்பிலும் கோழிச் சாறு ஊற்றுகிற பழக்கம் உண்டு. புட்டனெஸ்கா சாஸிலும் சீசர் சாலட்டிலும் நெத்திலி வகை மீன். பன்னா கோட்டா என்ற இனிப்பு உறைவது விலங்குகளிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால். டிராமிசு என்ற இனிப்பில் வேகாத முட்டை, பெரும்பாலும் மதுவும். இதெல்லாம் கழித்தால் அம்மாவுக்கு என்ன மிச்சம் என்றால், நிறைய இருக்கிறது: மார்கரிட்டா (மொசரெல்லாவின் ரென்னெட்டையும் கேட்டுவிட்டு), சீஸே இல்லாத மரினாரா பீட்சா, ஆலியோ ஓலியோ, தக்காளி பாஸ்தா, கத்தரிக்காய் கப்போனாட்டா. ஒன்று கவனிக்க, கடையில் வாங்கும் உலர் ஸ்பகெட்டி பொதுவாக கோதுமை ரவையும் தண்ணீரும்தான். 'ஃப்ரெஷ் பாஸ்தா' என்று கூடுதல் விலை போட்டிருப்பதில்தான் பெரும்பாலும் முட்டை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல். பில்லில் 'சர்வீஸ் சார்ஜ் 10%' என்று தானாகச் சேர்த்து, அதற்கு மேலும் ஜிஎஸ்டி போடுவது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4ஆம் தேதியே இப்படித் தானாகச் சேர்க்கக் கூடாது என்று நெறிமுறை வெளியிட்டது. உணவக உரிமையாளர் சங்கங்கள் வழக்குப் போட்டன, 2025 மார்ச் 28ஆம் தேதி டெல்லி உயர் நீதிமன்றம் அந்த நெறிமுறை செல்லும் என்றது. அதற்குப் பிறகும் போடுகிறார்கள். நீக்கச் சொல்லுங்கள், குரல் உயர்த்தத் தேவையில்லை, 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணைச் சொன்னாலே பில் மாறிவிடும். பரிமாறியவர் நன்றாகக் கவனித்திருந்தால் அவர் கையில் ரொக்கமாகக் கொடுங்கள். 'அவங்க வயித்துல அடிக்கிறீங்க' என்று யாராவது கிளம்பினால், அந்தச் சார்ஜ் முழுதும் அவர்களுக்குத்தான் போகிறதா என்று முதலாளியிடம் போய்க் கேட்கட்டும். உட்கார்ந்ததும் 'ஸ்டில் ஆர் ஸ்பார்க்கிளிங்' (சாதாவா, சோடாவா) என்று கேட்டுப் பாட்டில் தண்ணீருக்கே 200 ரூபாய் வாங்குவதும் இதே ஜாதி. 'ரெகுலர் வாட்டர்' என்று சொல்லிவிடுங்கள், கூச்சம் வேண்டாம்.

நான்கு பேருக்கு அளவு: ஒரு மார்கரிட்டா, ஒரு ஆலியோ ஓலியோ, கூடவே ஒரு சாலட் அல்லது புரூஸ்கெட்டா (மேலே தக்காளி போன்றவை வைத்த சுட்ட ரொட்டி). இதை மட்டும் முதலில் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னால் எல்லாம் ஒரே நேரத்தில் மேசைக்கு வரும். பாஸ்தா ஐந்து நிமிடத்தில் இறுகிவிடும், பீட்சா பத்து நிமிடத்தில் தோலாகிவிடும், நீங்கள் இன்னும் சாலட்டைப் பங்குபோட்டுக்கொண்டிருப்பீர்கள். முதல் சுற்று நன்றாக இருந்தால் இரண்டாவது சுற்றில் இன்னொரு பீட்சா, இன்னொரு பாஸ்தா. இல்லையென்றால் பில் கேட்டுவிட்டுத் தெருமுனையில் தோசை.

மிஞ்சிய பீட்சாவைக் கட்டி வாங்குங்கள், பாஸ்தாவைக் கட்டாதீர்கள், வீடு வருவதற்குள் களி. பீட்சாவை மறுநாள் மைக்ரோவேவில் வைக்க வேண்டாம். எண்ணெய் விடாத தோசைக்கல், சிறு தீ, இரண்டு நிமிடம். பிறகு கல்லின் ஓரத்தில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு மூடி, இன்னும் ஒரு நிமிடம். அடி மொறுமொறுப்பாகும், ஆவியில் சீஸ் மறுபடி இளகும்.